இரண்டு பேருக்கும் பிடிக்காத கத்தி

பெக்கோக் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெகபர் சாதிக் நானாவின் கடையில் யானையைத் தவிர எல்லாம் கிடைக்கும். யானையையும் ஒரு தடவை யாரோ கேட்டதாகவும், நானா தாடியைத் தடவிக்கொண்டு, "அடுத்த ரயில்ல வருதான்னு பாப்பம்" என்றதாகவும் சொல்வார்கள். சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அந்தக் கடையில் நான் சிப்பந்தி. பெயர் செல்லப்பன். அரிசி நிறுப்பேன், மூட்டை சுமப்பேன், நானா தொழப் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கல்லாவும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இப்போது கடையும் இல்லை, மூட்டையும் இல்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வாயை மட்டும் உழைக்க விடுகிறேன். நான் எதைச் சொன்னாலும் என் மருமகள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பாள். நீங்களும் அப்படியே கேளுங்கள், எனக்கு வருத்தமில்லை. கதை ஆற்றுக்கு வந்த பிறகு மட்டும் எதையும் கழிக்க வேண்டாம்.

ரப்பர் விலை தரையில் விழுந்து, அது போதாதென்று தரையையும் தோண்டிக்கொண்டு போன காலம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டம். பாதி மரங்களைப் பால் வெட்டாமலே விட்டுவிட்டார்கள். பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குச் சம்பளம் பாதி. தோட்டத்துக் கொசுக்கள்கூட மெலிந்துபோய், கடிக்க வந்தால் நாமே பாவம் பார்த்து இரண்டு சொட்டு விடும்படி இருந்தன.

அந்தச் சமயத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் இரண்டு பேர் கள்ளைக் குடித்துவிட்டுக் கத்தியால் வெட்டிக்கொண்டார்கள். தோட்டத்தில் நடந்தபோது ஒரு காது போயிற்று. சேதி ஆற்றைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தபோது நான்கு காதுகள் போயிருந்தன. நான் அதை ரயில் நிலையத்தில் சொல்லும்போது ஐந்து. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை உடனே உத்தரவு போட்டார்: வேலை முடிந்ததும் பால் வெட்டும் கத்தி, காடு வெட்டும் பாராங், அரிவாள் எல்லாம் ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும்; யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பாக்கு வெட்டக்கூட லயத்தில் இரும்பு இல்லை. காலில் முள் தைத்தால் மறுநாள் காலை ஸ்டோர் திறக்கும்வரை நொண்ட வேண்டும். மடக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் சின்னக் கத்திக்கு மட்டும் தடையில்லை. தொரையே பென்சில் சீவ ஒன்று வைத்திருந்தார், அதனால்.

மடக்குக்கத்தி வாங்கத்தான் அய்யாவு, கனகராஜ் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார்கள்.

அய்யாவு கொடிமரம் மாதிரி உயரம், கொடிமரம் மாதிரியே மெலிவு. கனகராஜ் அண்டா. இரண்டு பேரும் தோட்டத்துத் தெப்பத்தில் வேலை செய்தார்கள். இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே கட்டியிருந்த வடத்தைப் பிடித்து இழுத்து இழுத்து, ரப்பர் பாளங்களை இங்கே கொண்டுவருவார்கள். அரிசி மூட்டைகளை அங்கே கொண்டுபோவார்கள். அய்யாவின் தங்கை பேச்சியம்மாளைத்தான் கனகராஜ் கட்டியிருந்தான். அய்யாவுக்கு வேறு யாருமில்லை. அண்ணனும் தங்கையுமாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை.

ஒரு காலத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் வாடா போடா என்று ஒரே மங்குக் குவளையில் காப்பி குடித்தவர்கள். அப்போது இரண்டு பேருக்கும் பால் வெட்டும் வேலை. ஒரு நாள் காலையில், மரத்தடியில், கனகராஜ் தன் பால் வெட்டும் கத்தியை அய்யாவிடம் கையோடு கையாகக் கொடுத்துவிட்டான். கத்தியை அப்படிக் கொடுத்தால் சண்டை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலமே அய்யாவின் சேவல் வழி தவறிப் போய்க் கனகராஜ் வீட்டுக் குழம்புக்குள் விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது, இறகையெல்லாம் அதுவே பிடுங்கிக்கொண்டு விழுந்ததா என்பதற்குக் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை. அடிதடி ஆகி, அதற்கப்புறம் ஒரு வருஷம் பேச்சு இல்லை. அய்யாவு தனியாகப் பொங்கித் தனியாகத் தின்றான். அந்த வருஷத்தில்தான் தங்கைக்குப் பெண் பிறந்தது. புஷ்பவள்ளி என்று பெயர் வைத்ததைக்கூட அவன் பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

பிள்ளைக்கு மூன்றாம் வயதில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி வேண்டும். மடி என்ன கடையிலா விற்கும்? பேச்சியம்மாள் இரண்டு பேரையும் இழுத்து வந்து, பிள்ளை தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். இனிக் கையோடு கையாகக் கத்தி கொடுப்பதில்லை என்று.

"இன்னொரு வாட்டி சண்ட வந்திச்சி, அண்ணே, இந்த வாசப்படி ஒனக்குக் கெடையாது. புள்ளையும் கெடையாது. சொல்லிட்டேன்."

அய்யாவுக்கு உலகத்தில் அந்த வாசற்படியை விட்டால் வேறு இடமில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டுக்கொண்டு, முட்டை ஓட்டின் மேல் நடப்பதுபோல நடந்தார்கள்.

கடையில் நானா ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். கத்திகள் கலகலவென்று மேசையில் விழுந்தன. அவரும் கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. வாழ்நாளில் கொடுத்ததும் இல்லை.

"எடுத்துப் பாருங்க வாப்பா. பாக்குறதுக்குக் காசு இல்லே."

அய்யாவு மாட்டுக்கொம்புப் பிடி போட்ட ஒரு ஜெர்மனிக் கத்தியை எடுத்தான். வில் முறுக்கானது, திறக்க இரண்டு கை வேண்டும், திறந்தால் சட்டென்று நின்றுகொள்ளும். முழங்கை மயிரில் வைத்து இழுத்துப் பார்த்தான். அதன் கூர்மையை எப்படிச் சொல்ல! மயிர் வெட்டுப்பட்டது மயிருக்கே மறுநாள்தான் தெரிந்திருக்கும்.

கனகராஜ் எடுத்தது ஜப்பான் சரக்கு. தகடு மாதிரி மெல்லிய பிடி, கொஞ்சம் ஆட்டம், ஆனால் ஒரு கை விரலாலேயே திறந்துவிடலாம். பிடியின் வாலில் ஒரு வளையம்.

"வளையத்துல கயிறு போட்டு அரணாக்கொடியில கட்டிக்கிட்டா போதும். ஆத்துல வேல செய்யிறவனுக்கு இதான் நானா தோது," என்றான்.

"அப்ப ஆளுக்கு ஒண்ணா எடுங்க."

"சம்பளம் பாதி நானா. கத்தியும் பாதிதான்," என்றான் அய்யாவு. "ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு."

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாப்ளே, ஒங்களுக்கு எது புடிச்சிருக்கோ அதையே எடுங்க."

"ஐயோ, நீங்க சொல்லுங்க மச்சான். நீங்க பெரியவங்க."

"பெரியவன் சின்னவன்னு என்ன இருக்கு? அந்த வளையம் வச்சதே எடுத்துக்குங்க. நல்லாத்தான் இருக்கு, மாட்டுக் கழுத்து மணி மாதிரி."

கனகராஜின் முகம் சுருங்கியது. "மாடுங்கிறீங்களா?"

"நான் எங்க மாடுன்னேன்? மணின்னேன்."

"மணிய மாட்டுக்குத்தானே கட்டுவாங்க."

கடைக்குள் ஒரு கணம் கருவாடுகூட மூச்சை அடக்கிக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பயந்துபோனார்கள். அய்யாவு மளமளவென்று, "இல்லல்ல, எனக்கு அந்தக் கொம்புப் பிடியும் வேணாம்," என்று தன் கத்தியைக் கீழே வைத்தான். கனகராஜ் வளையக் கத்தியைக் கீழே வைத்தான்.

"மச்சான் ஆசப்பட்டத விட்டுட்டு என்னுத எடுத்தா நல்லாருக்காது."

"மாப்ளே ஆசப்பட்டத விட்டுட்டு என்னுத எடுத்தா அதுவும் நல்லாருக்காது."

"அலமாக்!" என்றார் நானா. "நீங்க கத்தி வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா? சீக்கிரம் லா! அஸர் தொழுகைக்கு நேரமாச்சி!"

அப்படித்தான் அந்த மூன்றாவது கத்தியை எடுத்தார்கள். வெள்ளை எலும்புப் பிடி. உருண்டையாக, வழவழவென்று, வெள்ளைக்காரச்சி பழம் நறுக்க வைத்திருப்பது மாதிரி. வளையமும் கிடையாது, பிடிமானமும் கிடையாது. விலாங்கு மீனுக்கு அலகு வைத்தது போல இருந்தது. விலை மட்டும் மூன்றிலும் குறைச்சல். இரண்டு பேருக்கும் அதைக் கண்டாலே ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதனாலேயே இரண்டு பேருக்கும் மனசு நிம்மதியாயிற்று. ஒருவருக்குப் பிடித்து ஒருவருக்குப் பிடிக்காமல் இருந்தால்தானே வம்பு?

"வளையம் வச்சத எடுத்திருக்கலாம்," என்றார் நானா, அவர்கள் போன பிறகு. "தண்ணியில வேல செய்யிற பயலுவ."

அதற்கப்புறம் நான் தெப்பத்தில் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல! சனிக்கிழமைதோறும் கடைச் சாமான்களோடு நான் அக்கரைக்குப் போவேன். நடு ஆற்றில் கனகராஜ் கத்தியைத் திறந்து பாக்கு வெட்டுவான். வெட்டி முடித்ததும் குனிந்து, கத்தியைப் பலகையில் வைத்து, பிடியை மச்சான் பக்கம் திருப்பி, கையை இழுத்துக்கொள்வான். அய்யாவு குனிந்து எடுப்பான். புகையிலை கிள்ளுவான். குனிந்து வைப்பான். இவன் எடுப்பான். ஒரு தாம்பூலம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்துபோகும். கோயிலில் சாமிக்குக்கூட அத்தனை கும்பிடு விழுந்ததில்லை.

சந்தைக்கு வந்துவிட்டு அதே தெப்பத்தில் திரும்பும் கருப்பாயிக் கிழவி பொறுக்கமாட்டாமல் கேட்பாள்: "ஏன்டா பூசாரிங்களா, கத்திக்குத் தேங்கா ஒடச்சாச்சா? இன்னும் கற்பூரந்தான் பாக்கியா?"

"நீ சும்மா இரு கெழவி. சண்ட வந்தா எங்க ரெண்டு பேருக்கும் நீயா சோறு போடுவ?" என்பான் அய்யாவு.

மாதங்கள் போகப் போக அவர்கள் அதை யோசித்துச் செய்வதே நின்றுவிட்டது. பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே வைப்பார்கள், எடுப்பார்கள். கை தானாகக் கீழே போகும். பிடி தானாக மற்றவர் பக்கம் திரும்பும்.

இனி ஆறு.

மார்கழி மழை. ஆறு கரையேறி, மண்நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. அரிசி இல்லை என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்திருந்ததால் அன்று தெப்பம் போயே ஆக வேண்டும். பகல் நேரம்தான். மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிட்டு நான் பின்பக்கம் வடத்தைப் பிடித்தேன். முன்பக்கம் அய்யாவு. நடுவில் கனகராஜ். மூன்று பேரும் இழுத்தோம்.

நடு ஆற்றில் மேலிருந்து ஒரு மரம் வேரோடு வந்தது. முதலில் கண்டவன் கனகராஜ். "மச்சான், மரம்!" என்றான். தள்ளிவிடக் கழியை எடுத்தான். அதற்குள் மோதிவிட்டது. தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. தெப்பத்தைக் கரையில் கட்டுவதற்காகப் பலகையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றை மரத்தின் கிளை கொத்தி இழுத்தது. சுருள் அவிழ்ந்து ஓடியது. ஓடிய கயிற்றின் வளைவு ஒன்று கனகராஜின் கணுக்காலில் விழுந்து இறுகியது. மரம் அவனை இழுத்துத் தண்ணீரில் தள்ளிற்று.

அவன் இடது கையால் தெப்பத்தின் முளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நெஞ்சுக்குக் கீழே தண்ணீர். காலை மரம் இழுத்துக்கொண்டிருந்தது.

நானும் அய்யாவும் வடத்தை விட முடியாது. விட்டால் தெப்பமே போய்விடும், மூன்று பேரும் போய்விடுவோம். நான் பின்னால் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டிருந்தேன். அய்யாவு ஒரு கையை வடத்தில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டு, மறு கையால் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அந்த வாரம் கத்தி அவன் முறை. பல்லால் கடித்துத் திறந்தான். எட்டிப் பார்த்தான். தண்ணீருக்குள் இருந்த காலுக்கு அவன் கை எட்டவில்லை. கனகராஜால்தான் அதை வெட்ட முடியும்.

கனகராஜ் வலது கையை விரித்து நீட்டினான்.

"குடுங்க மச்சான்! கத்தியக் குடுங்க!"

அய்யாவு குனிந்தான். மரம் புரண்டது. கனகராஜ் அலறினான்.

"கையில குடுடா! டேய் அய்யாவு, கையில குடுடா!"

அந்தச் சமாதானத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து 'டா' வந்தது அன்றைக்குத்தான்.

அய்யாவின் கை அவன் பக்கம் நீண்டு போயிற்று. நான் பார்த்தேன். கத்திப் பிடி கனகராஜின் உள்ளங்கைக்கு நேர் மேலே இருந்தது. விட்டிருந்தால் கையில் விழுந்திருக்கும். அந்த இடத்தில் அய்யாவின் கை மடங்கிற்று. கீழே போயிற்று. கத்தியைப் பலகையில் வைத்தான். பிடியைக் கனகராஜ் பக்கம் திருப்பினான். கையை இழுத்துக்கொண்டான்.

தெப்பம் சாய்ந்திருந்தது. பலகை ஈரம். வெள்ளைப் பிடி ஒரு தரம் உருண்டது, இன்னொரு தரம் உருண்டது, விளிம்பில் மினுங்கிவிட்டுத் தண்ணீரில் விழுந்தது. கனகராஜின் விரல்கள் அதன் பின்னாலேயே போய்ப் பலகையைப் பிறாண்டின.

இரண்டு பேரும் கத்தி போன இடத்தைப் பார்த்தார்கள். பிறகு கனகராஜ் அய்யாவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. என்ன இது என்று கேட்பதுபோல் பார்த்தான். மரம் மறுபடி புரண்டது. முளையில் அவன் கை இல்லை.

தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு, கீழே ஆறு வளையும் இடத்தில், அதே மரத்தோடு கிடைத்தான். கயிறு காலிலேயே இருந்தது.

பேச்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். லயமே கூடியிருந்தது. அய்யாவு மண்ணில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே. கத்தியக் கையில குடுத்தியா?"

சத்தியத்தை மீறியதால்தான் இப்படி ஆயிற்றோ என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"இல்ல தாயி. கீழதான் வச்சேன்."

"அவரு கையில கேட்டாரா?"

"கேட்டாரு."

"எத்தன வாட்டி கேட்டாரு?"

அய்யாவு என்னைப் பார்த்தான். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் என் வாய் அன்றைக்கு ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அவள் திட்டவில்லை, சபிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. திட்டட்டும் என்றுதான் அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உடம்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சில மாதம் கழித்து அய்யாவு கடைக்கு வந்தான். முன்பே கொடிமரம், இப்போது கொடியும் இல்லாத கம்பு. ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"நானா, அந்த வளையம் வச்ச கத்தி இருக்கா?"

நானா டப்பாவைத் திறந்தார். இருந்தது. அந்தக் கத்தியை யாருக்கும் காட்ட அவருக்கு மனசு வரவில்லை, அடியிலேயே போட்டிருந்தார். எடுத்தார். அய்யாவு உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

"கையில குடுங்க."

"என்னாத்துக்குப்பா?"

"குடுங்க நானா. ஒங்களுக்கும் எனக்கும் என்ன சண்ட வந்துடப் போவுது? குடுங்க பாப்பம்."

நானா கையை நீட்டினார். உண்மையாகவே கொடுக்கத்தான் நினைத்தார், அவர் முகத்தைப் பார்த்தவன் நான். உள்ளங்கைவரை போன கை அங்கே நின்றது. பிறகு வளைந்து வந்து, கத்தியை மேசையில் வைத்தது.

அய்யாவு கத்தியைப் பார்த்தான். நானாவின் கையைப் பார்த்தான்.

"ஒங்க கையும் அப்டித்தான் நானா," என்றான்.

கத்தியை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டான்.

வருஷம் திரும்பியது. பிள்ளைக்கு மூன்றாவது வயதில், தை மாதம், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்தினார்கள். நானா ஒரு பாவாடைத் துணி கொடுத்தனுப்பினார். நான்தான் கொண்டுபோனேன். தெப்பத்தில் வேறு இரண்டு பேர் இழுத்தார்கள்.

பேச்சியம்மாள் அண்ணனோடு சண்டை போடவே இல்லை என்று கருப்பாயிக் கிழவி வழியில் சொன்னாள். வாசற்படியை மறுக்கவில்லை. இரண்டு வேளையும் அவனுக்கு அங்கேதான் சோறு. தட்டைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வாளாம். அவன் எடுத்துக்கொள்வானாம். தண்ணீர்ச் செம்பும் அப்படித்தானாம்.

கிழவி பாதியைக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் மருமகள் என்னைக் கழிப்பது போல நானும் கிழவியைக் கழித்துக்கொண்டேன்.

கோயிலில் பாய் விரித்திருந்தார்கள். அய்யாவு வெள்ளை வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினான். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பேச்சியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் கைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

குனிந்தாள். பிள்ளையைப் பாயில் உட்கார வைத்தாள். முகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

அய்யாவு நீட்டிய கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு குனிந்து எடுத்துக்கொண்டான்.